பேறுகாலத்துக்கு எண் உண்டு, இருமலுக்கு இல்லை

தமிழ்நாட்டின் ஆரம்ப சுகாதார நிலையங்களைப் பற்றித் தமிழில் இரண்டே வகையான கட்டுரைகள் எழுதப்படுகின்றன. ஒன்று, புள்ளிவிவரத்தில் தொடங்கிப் பெருமிதத்தில் முடிவது. மற்றொன்று, மருத்துவர் வராத ஒரு நாளின் காலி நாற்காலியில் தொடங்கி, 'எல்லாம் காகிதத்தோடு சரி' என்ற சலிப்பில் முடிவது. முன்னதை எழுதுகிறவர் ஆட்சிக்கு வேண்டியவர், பின்னதை எழுதுகிறவர் வேண்டாதவர் என்று வாசிக்கிற நாமும் எளிதாகப் பிரித்துக்கொள்கிறோம். ஆட்சி மாறும்போது கட்டுரையாளர்கள் இடம் மாற்றிக்கொள்கிறார்கள். கட்டுரைகள் மாறுவதில்லை.

இந்த வாய்ச்சண்டையில் எவரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. இந்த நிலையங்கள் யாருடைய உடம்பை மனத்தில் வைத்துக் கட்டப்பட்டன? என் கட்சி இதுதான்: நம் ஆரம்ப சுகாதார நிலையம் தாயை அறியும். குழந்தையை அறியும். கடந்த சில ஆண்டுகளாகச் சர்க்கரை நோயாளியையும் இரத்த அழுத்தக்காரரையும் அறியக் கற்றுக்கொண்டிருக்கிறது. உழைப்பு ஓர் உடம்பை என்ன செய்கிறது, அந்த உழைப்பு நடக்கும் ஆலையின் புகை பக்கத்து வீட்டு உடம்பை என்ன செய்கிறது என்பதை மட்டும் அது அறியவில்லை. அறிய வேண்டும் என்று அதற்கு யாரும் சொல்லவும் இல்லை. இதற்குச் சாட்சி தேடி வெகுதூரம் போக வேண்டாம். கும்மிடிப்பூண்டி தடத்துப் புறநகர் ரயிலில் ஏறி மீஞ்சூரில் இறங்கினால் போதும்.

முதலில் கொடுக்க வேண்டிய மதிப்பைக் கொடுத்துவிடுவோம். பழியை மட்டும் சொல்லிவிட்டுப் போவது நேர்மையாகாது. இந்தியாவிலேயே முதன்முதலாகப் பொதுச் சுகாதாரத்துக்கென ஒரு சட்டம் இயற்றிய மாகாணம் சென்னை மாகாணம், ஆண்டு 1939. மற்ற மாநிலங்களில் பொதுச் சுகாதாரம் மருத்துவமனை நிர்வாகத்தின் வாலாக இழுபட்டுக்கொண்டிருந்தபோது, இங்கே அதற்கெனத் தனி இயக்ககமும் தனிப் பணியாளர் வரிசையும் இருந்தன. 1994-ல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்துக் கொள்முதலை ஒழுங்குபடுத்தி, கிராமத்து நிலையத்தின் அலமாரியில் மாத்திரை இருப்பதை ஓர் இயல்பான காட்சியாக மாற்றியது. மூன்று செவிலியர்களை முறைவைத்து அமர்த்தி இரவிலும் பிரசவம் பார்க்கும் நிலையங்கள் வந்தன. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 99.6 விழுக்காடு பிரசவங்கள் மருத்துவ நிலையங்களில் நடக்கின்றன. 2018-20 கணக்கில் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்குப் பேறுகால மரணம் தமிழ்நாட்டில் 54, இந்தியாவில் 97. குறைந்த செலவில் நல்ல உடல்நலம் ஈட்டிய இடங்களைப் பற்றி 2011-ல் வெளிவந்த ஒரு புகழ்பெற்ற ஒப்பாய்வு, எத்தியோப்பியா, தாய்லாந்து போன்ற நாடுகளுக்கு நடுவே தமிழ்நாடு என்ற ஒரு மாநிலத்தை வைத்துப் பேசியது. இவை பொய்யல்ல. பொய் என்று சொல்கிறவர்களோடு எனக்கு வழக்கு வேறு. அது இங்கே வேண்டாம்.

ஆனால் இந்த வெற்றி எப்படிக் கிடைத்தது என்று பாருங்கள். எண்ணியதால் கிடைத்தது. கருவுற்ற ஒவ்வொரு பெண்ணுக்கும் 'பிக்மி' பதிவெண் ஒன்று உண்டு. எத்தனையாவது மாதம், இரும்புச்சத்து எவ்வளவு, எந்தத் தேதியில் தடுப்பூசி என்று எல்லாம் அந்த எண்ணின் கீழ் ஏறுகின்றன. குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் வரை அந்த எண் கூடவே நடந்து வருகிறது. ஒரு தாய் இறந்தால், ஏன் இறந்தார் என்று மாவட்ட அளவில் உட்கார்ந்து விசாரிக்கிறார்கள். ஒரு சாவை விசாரிக்கத் தகுந்ததாக ஓர் அரசு கருதுகிறது என்றால், அந்த உயிரை அது மதிக்கிறது என்று பொருள். இதே அரசு, இதே கட்டடத்தில், இதே மருத்துவர் முன்னால் இருமிக்கொண்டு உட்காரும் ஆளுக்கு என்ன எண் கொடுக்கிறது? வெளிநோயாளி சீட்டில் நாம் வழக்கமாகப் பார்ப்பது பெயர், வயது, ஊர். கீழே 'சளி, இருமல்' என்று ஒரு வரி, மூன்று நாள் மாத்திரை. அவர் சாம்பல் லாரியில் சுமை இறக்குகிறவரா, கப்பலின் அடித்தளத்தில் நிலக்கரி தள்ளுகிறவரா, ஆலைச் சுவரையொட்டிய தெருவில் சும்மா குடியிருப்பவரா என்பதைச் சீட்டு கேட்பதில்லை. சீட்டு கேட்காததை மருத்துவர் கேட்பதற்கு அவருக்கு நேரமும் இருப்பதில்லை.

இப்போது மீஞ்சூருக்கு வருவோம். திருவள்ளூர் மாவட்டத்தின் பொன்னேரி வட்டத்தில் இருக்கும் இந்தப் பேரூராட்சியும் சுற்றியுள்ள கிராமங்களும் சென்னை என்ற மாநகரத்துக்கு என்னவெல்லாம் கொடுத்திருக்கின்றன என்று ஒரு பட்டியல் போடலாம். முதலில் தண்ணீர். மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் கிணற்றுப் படுகைகளிலிருந்து ஆண்டுக்கணக்கில் சென்னைக்கு நீர் இறைக்கப்பட்டது. இறைத்த இடத்தில் கடல்நீர் உள்ளே நுழைந்து, மீஞ்சூரின் கிணறுகள் உவர்த்துப் போயின. நிலத்தடி நீரில் கடல் புகுந்ததற்கு எடுத்துக்காட்டாக நீரியல் ஆய்வுகளில் இன்றும் சொல்லப்படும் ஊர் இது. பிறகு 2010-ல் காட்டுப்பள்ளியில் நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது. அந்த நீரும் குழாய் வழியாக நகரத்துக்கே போயிற்று. அடுத்து மின்சாரம். வட சென்னை அனல்மின் நிலையத்தின் மூன்று கட்டங்களையும் வல்லூர் நிலையத்தையும் கூட்டினால் நிறுவுதிறன் நாலாயிரம் மெகாவாட்டைத் தாண்டும். எண்ணூரின் பழைய அனல்மின் நிலையம் 2017-ல் மூடப்பட்டது. அதற்குள் அதன் இடத்தைப் பல மடங்காக நிரப்பும் புகைபோக்கிகள் வடக்கே எழுந்துவிட்டிருந்தன. 2001-ல் எண்ணூர்த் துறைமுகம், அதன்பின் காட்டுப்பள்ளித் துறைமுகம். ஆற்றுக்குத் தெற்கே மணலியின் எண்ணெய், உரம், வேதிப்பொருள் ஆலைகள். 2009-ல் மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் போட்ட குறியீட்டுப் பட்டியலில் மணலி 'மிகக் கடுமையாக மாசடைந்த' தொழிற்பகுதிகளுள் ஒன்று.

மின்சாரம் நகரத்துக்குப் போகிறது. சாம்பல் செப்பாக்கத்தை ஒட்டிய குட்டையில் தங்குகிறது. சாம்பல் குழம்பைக் கொண்டுபோகும் குழாய்கள் கசிந்து கொசஸ்தலையாற்றின் கழிமுகத்தில் படிந்த கதையை மீனவர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார்கள். இந்தப் பகுதியில் நுரையீரல் ஒரு பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்று சொல்ல ஒருவர் மருத்துவம் படித்திருக்க வேண்டியதில்லை. திண்ணையில் விரலை வைத்து இழுத்துப் பார்த்தால் போதும்.

அப்படியானால் இந்த ஊரின் ஆரம்ப சுகாதார நிலையம் ஏன் வேறொரு ஊரின் நிலையத்தைப் போலவே இருக்கிறது? தஞ்சாவூர் வயல் நடுவே உள்ள நிலையத்துக்கும் மீஞ்சூர் வட்டாரத்து நிலையத்துக்கும் பணியிடங்கள் ஒன்று, மருந்துப் பட்டியல் ஒன்று, மாதாந்திர அறிக்கைப் படிவம் ஒன்று. சமவெளியில் முப்பதாயிரம் பேருக்கு ஒரு நிலையம் என்ற அளவுகோல் தலைகளை எண்ணுகிறது. அந்தத் தலைகள் எந்தக் காற்றைச் சுவாசிக்கின்றன என்பதை எண்ணுவதில்லை.

இதன் வேரைத் தேடினால் 1952-க்குப் போக வேண்டியிருக்கிறது. போர் கமிட்டி 1946-ல் தன் அறிக்கையைத் தந்தது. அதன் கனவின் சுருங்கிய வடிவமாக, 1952 அக்டோபர் 2 அன்று தொடங்கிய சமுதாய வளர்ச்சித் திட்டத்தோடு ஆரம்ப சுகாதார நிலையங்கள் வந்தன. அவை கிராமத்துக்கு, அதாவது உழவருக்கு. அதே 1952-ன் பிப்ரவரி 24 அன்று, அடார்கர் 1944-ல் தந்த அறிக்கையின் வழியாகப் பிறந்த தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டம் கான்பூரிலும் தில்லியிலும் தொடங்கப்பட்டது. அது ஆலைத் தொழிலாளிக்கு. ஒரே ஆண்டில் இரண்டு கதவுகள். ஒன்று சுகாதார அமைச்சகத்தின் கதவு, மற்றது தொழிலாளர் அமைச்சகத்தின் கதவு. கிராமத்தில் வயல் இருக்கும், நகரத்தில் ஆலை இருக்கும், ஆலையில் இருப்பவர் நிரந்தரத் தொழிலாளியாக இருப்பார் என்ற மூன்று நம்பிக்கைகளின் மேல் கட்டப்பட்ட ஏற்பாடு இது.

மீஞ்சூரில் மூன்றுமே பொய்த்துப் போயின. இங்கே ஆலை கிராம ஊராட்சிக்குள் இருக்கிறது. உள்ளே வேலை செய்பவர்களில் பெரும்பகுதி ஒப்பந்தத் தொழிலாளர்கள். ஒப்பந்தக்காரருக்குக் கீழே துணை ஒப்பந்தக்காரர், அவருக்குக் கீழே ஆள் பிடித்துவரும் மேஸ்திரி. காப்பீட்டு அட்டை என்பது இந்த ஏணியில் மேல்படிகளோடு நின்றுவிடும் பொருள். அட்டை கிடைத்தவருக்கும் வேலை போனால் சில மாதங்களில் அந்தக் கதவு மூடிக்கொள்ளும். ஆனால் சிலிக்கா தூசு நுரையீரலில் தன் வேலையை முடிக்கப் பத்து ஆண்டு, பதினைந்து ஆண்டு எடுத்துக்கொள்ளும். அதற்குள் அவர் ஒடிசாவிலோ பீகாரிலோ தன் ஊரில் இருப்பார். உள்ளூர்க்காரராக இருந்தால் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருப்பார். 2025 செப்டம்பர் 30 அன்று எண்ணூர் அனல்மின் நிலையக் கட்டுமானத்தில் இரும்புச் சாரம் சரிந்து ஒன்பது தொழிலாளர்கள் இறந்தார்கள். பெரும்பாலோர் அஸ்ஸாமிலிருந்து வந்தவர்கள். விழுந்து செத்தால் அன்று மாலைக்குள் நாடு அறிந்துகொள்கிறது, முதலமைச்சரும் பிரதமரும் நிவாரணம் அறிவிக்கிறார்கள். மெல்ல மெல்ல மூச்சு குறைந்து செத்தால் எந்தப் பதிவேட்டிலும் அது தொழிலால் வந்த சாவு அல்ல.

ஆலைக்குள் போகாதவர்களின் நிலை இதைவிட விசித்திரமானது. காட்டுக்குப்பத்து மீனவரும் அத்திப்பட்டில் வீட்டில் இருக்கும் பெண்ணும் எந்த முதலாளிக்கும் தொழிலாளி அல்லர். அவர்களுக்குத் தொழில்நோய் என்ற சொல்லே பொருந்தாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் எண்ணூர் முகத்துவாரத்தில் பரவியபோது, முதலில் படகில் இறங்கி வாளியாலும் குவளையாலும் அதை அள்ளியவர்கள் மீனவர்களே. அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவையொட்டிப் பெரியகுப்பத்தில் உர ஆலைக்கான கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது, மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். கண்ணெரிச்சலுக்கும் மூச்சுத்திணறலுக்கும் அன்றிரவு மருத்துவம் கிடைத்தது. அப்படி அம்மோனியாவைச் சுவாசித்த ஒரு குழந்தைக்கு ஐந்து ஆண்டுகள் கழித்து நுரையீரல் எப்படி இருக்கிறது என்று பார்ப்பது யார் வேலை? கருவில் இருந்தபோது அந்தக் குழந்தைக்கு ஓர் எண் இருந்தது. பிறந்து, வளர்ந்து, நச்சுக்காற்றை உள்ளிழுத்த அன்று அதன் கையில் எந்த எண்ணும் இல்லை.

இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. பெரியகுப்பம் சென்னை மாநகராட்சிக்குள் இருக்கிறது. அதன் நிலையங்கள் மாநகராட்சியின் கீழ். ஆற்றுக்கு அந்தப் பக்கம் அத்திப்பட்டும் மீஞ்சூரும் திருவள்ளூர் மாவட்டச் சுகாதார நிர்வாகத்தின் கீழ். இரண்டு நிர்வாகங்களின் பதிவேடுகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்வதில்லை. காற்று மட்டும் இரண்டு பக்கமும் போய்வருகிறது.

'அதற்குத்தான் புதிய திட்டங்கள் வந்துவிட்டனவே' என்று ஒரு நண்பர் சொல்லக்கூடும். வந்திருக்கின்றன. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வீட்டு வாசலுக்கே மாத்திரையைக் கொண்டுபோனது. 2024 சனவரியில் அதன் நீட்சியாகத் தொழிற்சாலைகளுக்குள்ளேயே போகும் 'தொழிலாளரைத் தேடி மருத்துவம்' வந்தது. நல்ல காரியம். ஆனால் தொழிலாளரைத் தேடிப் போனவர்கள் அங்கே முதன்மையாக எதை அளந்தார்கள்? இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும். எந்த அலுவலகத்து மனிதரிடமும் அளக்கக் கூடியதைத்தான் கொதிகலன் பக்கத்தில் நிற்பவரிடமும் அளந்தார்கள். ஆலைக்குள் நுழைந்தும் ஆலையைப் பார்க்காமல் திரும்பும் கலையை நம் நிர்வாகம் எங்கே கற்றது என்று தெரியவில்லை.

சட்டம் இல்லையா என்றால், அதுவும் இருக்கிறது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தின் 89-ஆம் பிரிவு, ஆலையில் வேலை செய்கிற அல்லது முன்பு செய்த ஒருவருக்கு அட்டவணையில் கண்ட தொழில்நோய் இருப்பதாகக் கருதும் எந்த மருத்துவரும் அதைத் தலைமை ஆய்வாளருக்குத் தாமதமின்றி எழுதித் தெரிவிக்க வேண்டும் என்றது. அட்டவணையில் 29 நோய்கள்: சிலிக்கா நோய், ஆஸ்பெஸ்டாஸ் நோய், ஈய நஞ்சு, இரைச்சலால் வரும் செவிட்டுத்தன்மை, இன்னும் பல. 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்தின் இடத்துக்கு வந்திருக்கும் தொழில்சார் பாதுகாப்பு, உடல்நலத் தொகுப்பும் மருத்துவரின் இந்தக் கடமையை எடுத்துவிடவில்லை. 'எந்த மருத்துவரும்' என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தின் மருத்துவரும்தான். ஆனால் 'என்ன வேலை செய்கிறீர்கள்' என்று கேட்கவே இடமில்லாத சீட்டை வைத்துக்கொண்டு எந்த மருத்துவர் எதைத் தெரிவிப்பார்?

இத்தாலியின் பெர்னார்டினோ ரமஸ்ஸினி 1700-ல் தொழிலாளர்களின் நோய்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். நோயாளியிடம் மருத்துவர் கேட்க வேண்டிய வழக்கமான கேள்விகளோடு, உன் தொழில் என்ன என்ற கேள்வியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது அவர் சொன்ன யோசனை. முந்நூறு ஆண்டுகள் கடந்துவிட்டன. 1978-ல் அல்மா ஆட்டாவில் உலக நாடுகள் கூடி ஆரம்ப நலவாழ்வுக்கு இலக்கணம் வகுத்தபோதும், மக்கள் வாழும் இடத்துக்கும் வேலை செய்யும் இடத்துக்கும் இயன்றவரை அருகில் மருத்துவம் வர வேண்டும் என்றே வகுத்தார்கள். வாழும் இடம், வேலை செய்யும் இடம் என்று இரண்டு. நாம் முதல் பாதியை எடுத்துக்கொண்டு, இரண்டாம் பாதியை ஆலை வாசலில் விட்டுவிட்டு வந்துவிட்டோம்.

மறுப்புகள் சிலவற்றுக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். மாசுக்கு மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் இருக்கிறது, மருத்துவர் என்ன செய்வார் என்பார்கள். வாரியம் காற்றை அளக்கும். அந்தக் காற்று போய்த் தங்கிய நெஞ்சை அளக்காது. நெஞ்சின் கணக்கு இல்லாதவரை ஆலையின் வழக்கறிஞருக்கு வேலை சுலபம். கொடைக்கானலின் வெப்பமானி ஆலை 2001-ல் மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருக்குத் தொகை வழங்கும் உடன்பாடு 2016-ல்தான் வந்தது. இடையில் போன பதினைந்து ஆண்டுகளும் பாதரசம்தான் காரணமா இல்லையா என்ற சண்டையில் போயின.

பீடியும் விறகடுப்பும்கூடக் காரணமாக இருக்கலாமே என்பார்கள். இருக்கலாம். அதையும் கேட்டு எழுதுங்கள் என்றுதான் சொல்கிறேன். இரண்டையும் எழுதினால்தானே எது எவ்வளவு என்று தெரியும்?

காப்பீடு இருக்கிறதே என்பார்கள். 2009-ல் தொடங்கிய கலைஞர் காப்பீட்டுத் திட்டமும் அதன் வழிவந்தவையும் விழுந்தவரைத் தூக்கும் ஏற்பாடுகள். எத்தனை பேர், எந்த இடத்தில், எதனால் விழுகிறார்கள் என்று பார்ப்பது அவற்றின் வேலை அல்ல.

பணியாளர்கள் ஏற்கெனவே பதிவேடுகளுக்கடியில் புதைந்து கிடக்கிறார்கள் என்பார்கள். இது ஒன்றுதான் உண்மையான மறுப்பு. கிராமச் செவிலியரின் தலையில் இன்னொரு நோட்டை ஏற்றுவது அநியாயம். ஆகவே தொழிற்பகுதி வட்டாரங்களுக்கென்று தனிப் பணியிடம் வேண்டும். முப்பதாயிரம் தலைக்கு இன்ன பணியிடம் என்று வகுத்தவர்கள், இத்தனை மெகாவாட் நிலக்கரிக்கு இன்ன பணியிடம் என்று வகுப்பதில் என்ன தடை?

இன்னொரு மறுப்பை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. இருமலைச் சொன்னால் வேலை போய்விடும் என்று அஞ்சுகிறவர் தொழிலாளியேதான். அந்த அச்சம் நியாயமானது. அதனால் தனியொருவரின் குறிப்பு மருத்துவரோடு நிற்க வேண்டும். வெளியே வர வேண்டியது கூட்டுக் கணக்கு மட்டும்: இந்த மாதம், இந்த ஊரில், இந்த வேலை செய்பவர்களில் இத்தனை பேருக்கு மூச்சுக் கோளாறு.

கேட்பது மிகக் கொஞ்சம். மீஞ்சூர் வட்டாரத்து நிலையங்களிலும், எண்ணூர், திருவொற்றியூர், மணலிப் பகுதிகளின் மாநகராட்சி நிலையங்களிலும் வெளிநோயாளி பதிவேட்டில் தொழிலுக்கு ஒரு பத்தி. முன்பு செய்த தொழிலுக்கு இன்னொரு பத்தி. ஊதினால் மூச்சின் திறனைக் காட்டும் கருவி ஒன்று, அதை இயக்கத் தெரிந்த ஒருவர். வேலைமுறை முடிந்து வருகிறவருக்காக வாரத்தில் இரண்டு மாலைகள். ஆற்றின் இரு கரைக்கும் பொதுவாக ஒரே கணக்கு, அது மாதந்தோறும் ஊரார் பார்க்கும்படி நிலையத்தின் சுவரில். சுற்றுவட்டாரத்தில் எந்த ஆலை எந்த நச்சுப்பொருளைச் சேமித்து வைத்திருக்கிறது, அது கசிந்தால் முதல் அரைமணியில் என்ன செய்வது என்ற தாள் ஒன்று ஒவ்வொரு மருத்துவரின் மேசையிலும்.

இலக்கியம் பேசும் இடத்தில் இது எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு நூலை நினைவூட்டுகிறேன். ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி.எச்.டேனியல், 1969-ல் ஆங்கிலத்தில் எழுதிய நாவல் இரா.முருகவேளின் மொழிபெயர்ப்பில் 'எரியும் பனிக்காடு' என்று 2007-ல் வந்தது. நம்மில் பலர் அதைப் படித்துக் கலங்கினோம். அந்தக் கலக்கத்தில் நாம் கவனிக்காமல் விட்டது, அதை எழுதியவர் ஒரு மருத்துவர் என்பதன் பொருள். தோட்டத்துச் சாவுகள் பதிவேடுகளில் காய்ச்சலாகவும் வயிற்றுப்போக்காகவும் கிடக்கும். அவற்றை உழைப்பின் கதையாகச் சொல்ல ஒரு நாவல் தேவைப்பட்டது. அதுவும் காலம் கடந்து வந்தது. மீஞ்சூருக்கும் என்றாவது ஒரு நாள் அப்படியொரு நாவல் வரும், நாமும் வாங்கிப் படிப்போம். அதுவரை காத்திருக்கச் சொல்ல நமக்கு உரிமையில்லை. பதிவேட்டில் ஒரு பத்தி கூட்டுவதற்கு ஓர் அடிக்கோலும் பேனாவும் போதும். அதைச் செய்யச் சொல்லும் ஆணைக்கு ஒரு கையெழுத்து போதும். அந்தக் கையெழுத்து ஏன் இன்னும் விழவில்லை என்று, அடுத்த முறை பெருமிதக் கட்டுரை எழுத உட்காருகிறவர் தன் முதல் பத்தியிலேயே கேட்கட்டும்.